முழங்காலில் ஒரு தட்டு

அடுப்பிலிருந்து எடுத்த ஆட்டுக்கறியை மேஜை நடுவில் வைத்து, அதைச் சுருட்டிக் கட்டியிருந்த நூல்கயிற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கினாள் முரியல். நறுக்கிய கயிற்றைக் குப்பையில் போட வேண்டியதுதானே? போடமாட்டாள். தட்டின் ஓரத்தில், சரியாக என் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பாள். ஞாயிறு தவறாமல் இதே கயிறு, இதே இடம். ஞாயிறு தவறாமல் நானும் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிடுவேன்.

"புதினாச் சாறு ஊத்திக்கோ, வில்ஃப்."

"ஊத்திக்கிறேன்."

எனக்குப் புதினாச் சாறு பிடிக்காது. பல்பொடியைக் கரைத்துக் குடிப்பது போலிருக்கும். ஆனாலும் ஊற்றிக்கொண்டேன். இந்த வீட்டில் எதையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைத்ததில்லை.

முரியல் என் சிநேகிதன் ரோலியின் மனைவி. விதவை என்று சொல்ல வேண்டும். பத்து வருஷமாகியும் அந்தச் சொல் எனக்கு வாயில் வருவதில்லை. ரோலி டாலன்டைர் போரின்போது இரவு வேட்டை விமானம் ஓட்டினான். இங்கிலாந்தில் குண்டு போட வரும் ஜெர்மன் விமானங்களை இருட்டில் தேடிப் பிடித்துச் சுடுவது அவன் வேலை. போர் முடிந்ததும் ஒரு விமானக் கம்பெனியில், புதிதாகச் செய்த ஜெட் விமானங்களை முதலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானி ஆனான். போரில் அவன் பக்கத்து இருக்கையிலும், பிறகு பின் இருக்கையிலும் உட்கார்ந்தவன் நான். கடைசி நாளன்றும் பின்னால்தான் இருந்தேன். அவன் போய்விட்டான். நான் அவன் வீட்டில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறேன்.

"பாதிரியார் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். உன் கார்லயே போயிடலாமா?"

"போகலாம்."

"என்ன பேசப் போற?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லப் போறேன்."

"ம்," என்றாள் முரியல். "இன்னொரு கிழங்கு வச்சுக்கோ."

விஷயம் இதுதான். ஆஷ்பெக் என்கிற சின்ன ஊரின் வெளியே, அவன் விமானம் விழுந்த வயலின் ஓரத்தில், ரோலிக்கு ஒரு கல் நடப் போகிறார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லில் பொறிக்கப் பாதிரியார் ஹிக்ஸன் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார்: 'தன் உயிரைக் கொடுத்து இவ்வூரையும் பள்ளிக் குழந்தைகளையும் காத்தவன்.' பின்னி என்கிற விவசாயி அன்றைக்கு வயலில் நின்று அண்ணாந்து பார்த்தாராம். விமானம் பள்ளிக்கூடத்தின் பக்கமிருந்து சட்டென்று திரும்பியதாம். அதைப் பத்திரிகைக்காரனிடம் சொன்னார், பத்திரிகைக்காரன் அதற்குக் கையும் காலும் வைத்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. விமானத்துக்குள் இருந்தவர்களில் உயிரோடிருப்பவன் நான் ஒருவன்தான். இன்றைக்குப் பாதிரியார் கூட்டும் ஊர்க்கூட்டத்தில் நான் ஆமாம் என்று சொன்னால் போதும், நாளைக்கே உளி வேலையைத் தொடங்கிவிடும்.

அது பொய். அன்றைக்கு ஆஷ்பெக்கில் ஒரு கோழிக்குக்கூட ஆபத்து இருக்கவில்லை.

உண்மையைச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால், தன் புருஷன் செத்தது எதிரே உட்கார்ந்து கிழங்கு தின்பவனுக்காக என்று முரியலுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. எனக்கென்று தட்டு வைக்கிற மேஜை உலகத்தில் இது ஒன்றுதான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். நான் திருடவும் இல்லை. அதுதான் இதில் கொடுமை. ஒரு தப்பாவது செய்திருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன்.

*

ரோலியைப் பற்றி ஊரார் பொய் சொல்வது இது முதல் தடவையும் இல்லை. போரின்போது அவன் இருட்டில் ஜெர்மன்காரனைக் கண்டுபிடிப்பது கேரட் தின்பதனால் என்று பத்திரிகைகள் எழுதின. கேரட் தின்றால் பூனைக்கண் வருமாம். உண்மையில் கண்டுபிடித்தது என் மடியருகே இருந்த ரேடார் பெட்டி. அது ராணுவ ரகசியம். அதனால் ஊர்ப் பெண்களெல்லாம் அவனுக்குக் கூடை கூடையாகக் கேரட் அனுப்பினார்கள். அவனுக்கோ கேரட் என்றால் குமட்டும்.

"இன்னிக்கு ரெண்டு கூடை வந்திருக்கு. பார்சல்லயே வாடை அடிக்குது," என்பான்.

"தின்னுங்க சார். நாடே உங்க கண்ணை நம்பியிருக்கு," என்பேன். தரையில் அவன் அதிகாரி, நான் சார்ஜென்ட். சார் போட்டுத்தான் வம்புக்கு இழுப்பேன்.

"உன் பெட்டியைத் தின்னச் சொல்லுடா."

மேலே போய்விட்டால் சார் கிடையாது. மஸ்கிட்டோ என்கிற மரவிமானம் எங்களுடையது. உள்ளே இருவருக்கு இடம், அதுவும் தோளோடு தோள் இடிக்கிற இடம். அவன் வெளியே பார்ப்பான், ஒன்றும் தெரியாது. நான் பெட்டியின் ரப்பர் மூடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன், பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளியை அவனுக்குக் குரலால் காட்ட வேண்டும். இதற்கு ஒரு முறை இருந்தது: ரேடார்காரன் பேச்சை நிறுத்தவே கூடாது. "இடது... இன்னும் இடது... போதும்... நேரா விடு... கொஞ்சம் மேல... மெதுவா, மெதுவா..." நடுவில் நான் எச்சில் விழுங்கினால்கூட அவனுக்கு உலகம் இருண்டுவிடும். அவன் பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் சொல்வான்: "சரி." அந்தச் சரியை வைத்தே அவனுக்குப் பயமா, சளியா, முந்தின நாள் முரியலோடு சண்டையா என்று என்னால் சொல்ல முடியும்.

இன்னொரு முறையும் இருந்தது. மஸ்கிட்டோவின் கதவு என் காலடியில். விமானம் இனித் தேறாது என்றால் நான்தான் முதலில் குதிக்க வேண்டும், விமானி பின்னால். அவன் ஓட்டுவதில் கண்ணாக இருப்பானே, நான் போய்விட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போகும்போது அவன் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு விழுகிறவரை அவன் நகரக் கூடாது. ஒரு தடவை இடது எஞ்சின் எரிந்து அப்படித்தான் குதித்தோம். நான் யாரோ ஒருவருடைய பன்றிக்கொட்டிலில் விழுந்தேன், அவன் கல்லறைத் தோட்டத்தில் விழுந்தான். தன் கல்யாண விருந்தில் அந்தக் கதையைச் சொல்லி, என் பக்கம் கைகாட்டி, "இவன் தட்டாம நான் எங்கயும் போறதில்ல. தேனிலவுக்கும் தட்டிட்டுத்தான் அனுப்பணும்," என்றான். நான் தட்டினேன். முரியல் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

*

ஜெட்டில் எங்களைப் பிரித்துவிட்டார்கள். அவன் முன்னால், நான் பின்னால், பலவிதமான அளவுமானி முட்கள் ஆடுகிற ஒரு தகரப் பொந்தில். நடுவில் இரும்புச் சுவர். ரோலி அதற்கு அலமாரி என்று பெயர் வைத்தான். "என்னடா, அலமாரிக்குள்ள ஏறிட்டியா?" என்று மைக்கில் கேட்பான். முழங்கையை மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல். ஆள் நுழைந்ததும் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து மூடித் திருகுவார்கள். அந்தத் திருகல் சத்தம் முடிகிறவரை நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ரோலிக்குக் குண்டு வைத்த நாற்காலி இருந்தது. தலைக்கு மேலிருக்கும் பிடியை இழுத்தால் நாற்காலியோடு வானத்தில் தூக்கி எறியும், பாராசூட் தானே விரியும். எனக்கு அது கிடையாது. கதவைத் திறந்து நானே குதிக்க வேண்டும். இரண்டு நாற்காலி வைத்தால் எடை கூடிவிடுமாம். கம்பெனிக்காரர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார்கள்.

மறுநாள் ரோலி பையிலிருந்து ஓர் உருண்டை நூல்கயிற்றை எடுத்தான்.

"இது முரியல் கறி கட்டற கயிறுல்ல?"

"டிராயர்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். அவகிட்ட சொல்லிட்டேன், நீ பயப்படாத." இரும்புச் சுவரில் ஒயர்கள் போகும் ஓட்டை வழியாகக் கயிற்றை விட்டான். ஒரு முனை என் இடுப்பு வாரில், மறு முனை அவன் முழங்காலில். "நீ குதிச்சா இழுத்து அறுந்துபோகும். தட்டுக்குப் பதிலா இழுப்பு. அது அறுந்தாத்தான் நான் என் பிடியை இழுப்பேன்."

"ஆகாயத்துல பறக்கற விமானம், ஆட்டுக்கறிக் கயிறு. பேப்பர்ல போடச் சொல்லலாமா?"

"போடட்டும். கேரட்டைவிடக் கயிறு எவ்வளவோ மேல்."

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திருகியதும் என் கை முதலில் அந்தக் கயிற்றைத்தான் தேடியது.

*

அந்தக் கடைசி நாளன்று வெயிலடித்தது. வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தலைகீழாகப் பாய வேண்டும் என்பது திட்டம். மூன்றாவது பாய்ச்சலில் எஞ்சின் வெடித்தது. பீரங்கிக்குள் உட்கார்ந்திருந்தது போல இருந்தது எனக்கு. வெடித்த துண்டுகள் பக்கச் சுவரை உள்ளே தள்ளிவிட்டன. வளைந்த தகடு என் இடது கையைத் தோள்வரை இருக்கையோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. புகை. பின்னால் எங்கோ நெருப்பு இரைகிற சத்தம்.

"வில்ஃப், வெளிய போ," என்றான் ரோலி. குரல் நிதானமாகத்தான் இருந்தது.

வலக்கையால் கதவின் பிடியை முறுக்கினேன். பிடி சுற்றியது, கதவு அசையவில்லை. தகடு வளைந்தபோது கதவையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. தோளால் இடித்தேன். காலால் உதைக்கக் காலுக்கு இடமில்லை. அந்தப் பொந்திலிருந்து நான் வெளியே போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன்? அம்மா என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை, ஏனென்றால் மைக் திறந்திருந்தது.

கத்தினால் அவன் போகமாட்டான்.

அப்போதுதான் கயிறு ஞாபகம் வந்தது. "போறேன் ரோலி, பாத்துக்க," என்றேன். வலக்கையில் கயிற்றைச் சுற்றி, முன்பக்கம் காலை ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். அறுந்தது. உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மைக்கின் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். அது நசுங்கிய கையின் பக்கம் இருந்தது. ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடா, போ, பிடியை இழு, என்று மனசுக்குள் அவனைத் திட்டினேன். முன்னாலிருந்து நாற்காலி வெடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

சத்தம் வரவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலாகி, என்னையறியாமல் ஒரு மூச்சு வாங்கினேன்.

"வில்ஃப்," என்றான். "உன் மூச்சு எனக்குத் தெரியாதாடா? எத்தனை ராத்திரி கேட்டிருக்கேன்."

"போய்த் தொலைடா! கதவு மாட்டிக்கிச்சு. நீ போ!"

"எண்ணெய் பீச்சியடிச்சு முன்கண்ணாடி மூடிடுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. உன் ஜன்னல்ல தெரியுதா?"

"ரோலி, முரியல் இருக்கா. அவளை நினைச்சுப் பாரு."

"ஜன்னல்ல தெரியுதான்னு கேட்டேன்," என்றான்.

தெரிந்தது. புகைக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு இங்கிலாந்து தெரிந்தது. அப்புறம் நான் பேசத் தொடங்கினேன். வேறு என்ன செய்வேன்? பட்டப்பகலில், அதே பழைய பேச்சு. "இடது... இன்னும் இடது... போதும், நேரா... வேலி வருது, கீழே ஒரு வயல், நீளமா இருக்கு... இறக்கு... இறக்கு..." ஒவ்வொன்றுக்கும் அவன் "சரி" என்றான். அந்தச் சரியில் பயம் இல்லை. இரவு வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவனுடைய குரல் அது. இடது என்று நான் சொன்னது வயலுக்காக. பள்ளிக்கூடம் என் ஜன்னலில் தெரியவே இல்லை; அது எங்கள் பாதையிலேயே இல்லை. பின்னி பார்த்த திரும்பல் அந்த இடதுதான்.

"மரத்து உயரத்துக்கு வந்துட்ட... மூக்கைத் தூக்கு... பிடிச்சுக்க... இப்ப தரை."

"சரி," என்றான்.

அடிவயிற்றால் மண்ணை உழுதுகொண்டு போனோம். அழகாகத்தான் இறக்கினான். ஆனால் வயலின் கோடியில் ஒரு பள்ளம் இருந்ததை என் ஜன்னலால் பார்க்க முடியவில்லை. முன்பாதி அதில் போய்க் குத்தியது.

"ரோலி, நின்னுட்டோம்," என்றேன். "ரோலி? சரின்னு சொல்லு. ரோலி, சரின்னு சொல்லுடா."

தகரத்தை வெட்டி என்னை எடுக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. அது கேரட் வயலாக இருந்திருந்தாலாவது அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதுவோ டர்னிப் கிழங்கு வயல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கம்பெனியின் வக்கீல் வந்தார். திராட்சை வாங்கி வந்தார். இயந்திரம் ரகசியமானது, கதவைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் ஜெயில், என்று திராட்சையைப் பிய்த்துத் தானே தின்றுகொண்டு சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குப் பள்ளிக் குழந்தைகள் கதை அவர்களுக்கு வசதியாக இருந்தது. அடுத்த விமானத்தில் பின்னாலும் குண்டு நாற்காலி வைத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்த ரகசிய இயந்திரத்தின் பொம்மை கடைத்தெருவில் விற்கிறது. என் வாய்ப்பூட்டைத் திறக்கத்தான் யாருக்கும் ஞாபகமில்லை.

*

சர்ச் ஹாலில் ஊரே இருந்தது. பெரிய பாத்திரத்தில் தேநீர் கொதித்தது. முரியலுக்கு முன்வரிசையில் இடம், எனக்கு அவள் பக்கத்தில். பாதிரியார் ஹிக்ஸன் வாசகத்தை உருக்கமாகப் படித்தார். பின்பக்கம் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"மிஸ்டர் ஓர்மராட், நீங்கதான் கூடவே இருந்தீங்க," என்றார் பாதிரியார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்களுக்குத் திருப்தி."

எழுந்தேன். கதவைத் திருகுகிற அந்தச் சத்தம் காதில் கேட்டது. பின்னி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நல்ல மனுஷர், உண்மையிலேயே நம்புகிறவர். ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறும் புதினாச் சாறு உண்டு, அதற்கடுத்த ஞாயிறும் உண்டு. கயிறும் உண்டு. சாகிறவரை அந்த மேஜையில், அந்தப் பொய்யைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும். எத்தனையோ இரவுகள் இருட்டில் என் ஒரு சொல்லை நம்பித் திரும்பியவன் அவன். அவனைப் பற்றி நான் பொய்யாக ஒரு சொல் சொல்வதா?

"பள்ளிக்கூடம் எங்க பாதையில இல்லங்க," என்றேன்.

பாதிரியார் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை.

"அவன் ஊருக்காக நிக்கல. என் கதவு மாட்டிக்கிச்சு. எனக்குக் குதிக்க வழியில்ல, அவனுக்கு இருந்துச்சு. என்னை விட்டுட்டுப் போகமாட்டேன்னு நின்னுட்டான். அவ்வளவுதான் நடந்தது."

"நான் கண்ணால பாத்தேனே!" என்றார் பின்னி. "பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து திரும்பினதை நான் பாத்தேன்!"

"திரும்பினது நிஜம். திரும்பச் சொன்னது நான். உங்க டர்னிப் வயல் நீளமா தெரிஞ்சுது."

தேநீர்ப் பாத்திரம் மட்டும் கொதித்தது. ஒரு ஊரின் கையிலிருந்து அதன் வீரனைப் பிடுங்கினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார்கள். நான் முரியலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

பாதிரியார் இருமினார். "மிஸஸ் டாலன்டைர், கல்லுல... இப்ப... உங்க விருப்பம் என்னன்னு..."

"பேரும் தேதியும் போடுங்க," என்றாள் முரியல். "மத்ததுக்குக் கல்லுல இடம் போதாது."

*

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. அவள் இறங்கினால் அதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அவனோட உடம்பை நான் பாத்தேன்," என்றாள். "வேணாம்னாங்க, நான் விடல. முழங்கால்ல என் கயிறு கட்டியிருந்தது. முனை அறுந்திருந்தது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அது அறுந்தா நீ குதிச்சுட்டேன்னு அர்த்தம். அவன் என்கிட்ட அதைச் சொல்லிட்டுத்தான் கயித்தை எடுத்துட்டுப் போனான். ஆனா உன்னை விமானத்துக்குள்ளேர்ந்து தகரத்தை வெட்டி எடுத்தாங்கன்னும் சொன்னாங்க. எனக்குக் கறி கட்ட மட்டும்தான் தெரியும்னு நினைச்சியா, வில்ஃப்? குதிக்காதவன் கயித்தை அறுத்தது ஏன்னு யோசிக்கத் தெரியாதா?"

"அப்போ... ஆரம்பத்துலேர்ந்தே?"

"சவ அடக்கத்துக்கு முன்னாடியே. நீ அவனை அனுப்பிவைக்கப் பாத்திருக்க. அந்த மடையன் போகல."

"பின்ன ஏன் முரியல், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்..."

"அவன் எதுக்காக அங்க நின்னான்னு பாக்கணும் போலிருந்தது. எதிர்ல உக்கார வச்சுப் பாத்தேன். சில வாரம் கோவமா வரும். இவனுக்காகவான்னு தோணும். பிடிக்காத புதினாச் சாறை ஊத்தி ஊத்தித் திங்கற. உன்னை அடிக்கணும் போலிருக்கும்." கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, கையுறையால் கண்ணைத் துடைத்தாள். "சில வாரம், இவனாவது இருக்கானேன்னு இருக்கும். கயித்தை உன் முன்னால வச்சேன். இன்னிக்காவது சொல்லுவான், இன்னிக்காவது சொல்லுவான்னு பாத்தேன். பத்து வருஷமாச்சுடா உனக்கு."

நான் அழுதேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தெருவில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று பார்க்காமல் அழுதேன். அந்தப் பொந்தில் அடக்கிய அழுகை அது. அவள் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காரின் கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். பிறகு திரும்பி, கையுறை போட்ட கையால் என் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது.

"நான் இறங்கியாச்சு, வில்ஃப்," என்றாள். "இனி நீயும் வெளிய வரலாம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பாதித் தோட்டத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு புதினா கிடையாது!"

"சரி," என்றேன்.